புலம்பெயர்ந்தோர் புலம் ஆளுதல்: வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெள்ளையரல்லாத மகளிர் நிருவாகிகள்

முன்னுரை

‘புலம்’ என்பது தமிழில் பல பொருள் தரும் சொல். விளைநிலமும் புலம், நாடும் புலம், ஐம்பொறிகளின் உணர்வும் புலம், அறிவும் புலம். இன்றைய பல்கலைக்கழகங்களில் ஒரு துறைத்தொகுதியைப் ‘புலம்’ என வழங்குவதும் இச்சொல்லின் விரிவேயாகும். பிறந்த மண்ணை விட்டு வேற்றுநாடு சென்றோரைப் ‘புலம்பெயர்ந்தோர்’ என்கிறோம். மொழி பல பேசும் அயல்நாட்டார் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுவதால், புலம்பெயர்வு நமக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அன்று பெயர்ந்தோர் பெரும்பாலும் வணிகர், அவர்கள் வந்த ஊரில் பொருள் விற்றனர், அவ்வூரை ஆளவில்லை.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஆசியா, ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து வட அமெரிக்கா சென்ற பெண்கள், அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பாடம் கற்பிப்பதோடு அமையாமல் அவற்றை நடத்தும் பொறுப்புக்கும் உயர்ந்துள்ளனர். ‘முதல் பெண்’, ‘முதல் இந்தியர்’ என்னும் அடைமொழிகளோடு அவர்களைப் பற்றிய செய்திகள் நம்மை வந்தடைகின்றன. அவற்றைப் படித்துப் பெருமிதம் கொள்வது இயல்பே. எனினும் பெருமிதத்தோடு ஆராய்ச்சி முடிந்துவிடலாகாது. அவர்களுக்கு இருக்கை கிடைத்தது. அதனோடு அதிகாரமும் கிடைத்ததா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் வகைப்பாடும்

ஆய்வுக்குள் புகுமுன் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது நன்று. அமெரிக்க வழக்கில் கருப்பின, ஆசிய, இலத்தீன் அமெரிக்க, தொல்குடிப் பெண்களை ஒருசேரக் குறிக்க ‘நிறமுடைய மகளிர்’ என்னும் பொருள்படும் தொடர் ஆளப்படுகிறது. 1977 நவம்பரில் ஹூஸ்டன் நகரில் நடந்த தேசிய மகளிர் மாநாட்டில், சிறுபான்மைப் பெண்கள் ஒன்றுகூடித் தம் பொதுக் கோரிக்கைகளை வகுத்ததை ஒட்டியே இத்தொடர் ஓர் அரசியல் பெயராக வலுப்பெற்றது என்பர். நிறத்தால் அமைந்த பெயராயினும் இது தோலைச் சுட்டும் பெயரன்று. ஒன்றுபட்டு நிற்பதற்காக அவர்களே தேர்ந்துகொண்ட பெயர். நம் சங்க இலக்கியம் மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை அழகெனப் போற்றிற்று. அந்நாட்டிலோ நிறம், குடியுரிமைக்கே தடையாய் இருந்த காலம் உண்டு. இவ்வேறுபாட்டை உளங்கொண்டே இத்தொடரை அணுகவேண்டும். தமிழில் எளிதில் விளங்கும் பொருட்டு ‘வெள்ளையரல்லாத மகளிர்’ என்று ஈண்டு வழங்குகிறோம்.

இவ்வகைப்பாடு இயற்கையில் அமைந்ததன்று. அரசும் நீதிமன்றமும் வரைந்த கோடு. இந்தியர் ‘வெள்ளையர்’ ஆகார்; ஆதலின் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. அதே இந்தியர் 1970ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் வெள்ளையருள் எண்ணப்பட்டனர். 1980இல் ‘ஆசிய இந்தியர்’ எனத் தனியே குறிக்கப்பட்டனர். மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்கெனத் தனி வகை வேண்டும் என்னும் அரசாணை 2024இல்தான் பிறந்தது. கோடு இடம் மாறுந்தோறும், எவர் ‘உள்ளே இருப்பவர்’, எவர் ‘வெளியிலிருந்து வந்தவர்’ என்பதும் மாறுகிறது.

பதவிப் பெயர்களையும் விளக்கல் வேண்டும். நம் நாட்டில் துணைவேந்தர் ஆற்றும் பணியை அமெரிக்காவில் ‘பிரசிடெண்ட்’ எனப்படும் தலைவர் ஆற்றுகிறார். அவருக்கு அடுத்த நிலையில் கல்வி, ஆசிரியர் நியமனம், வரவுசெலவு ஆகியவற்றைக் கவனிப்பவர் ‘புரோவோஸ்ட்’. அவருக்குக் கீழே புல முதன்மையராகிய டீன்களும் துறைத்தலைவர்களும் உள்ளனர். இவர்களுக்கு இணையாக மாணவர் சேர்க்கை, பதிவகம், அயல்நாட்டு மாணவர் அலுவலகம் முதலியவற்றை நடத்தும் அலுவலர் ஒரு பெரும்படை. இவ்விரு வரிசையினரையும் சேர்த்தே ‘நிருவாகிகள்’ என்கிறோம்.

திறந்த வாயில்கள்

இப்பெண்கள் உயர்ந்தமைக்குத் தனிமனித முயற்சியை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. முயற்சிக்கு முன் வாயில் திறக்கவேண்டும். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்க்கு அளிக்கப்பட்ட இடங்கள் ஆண்டுக்கு நூறு மட்டுமே. நாட்டுக்கு இத்தனை பேர் என்னும் பழைய ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நீக்கியது. கல்வித் தகுதியும் குடும்ப உறவும் குடியேற்றத்திற்கு அடிப்படைகளாயின. கனடாவும் 1967இல் கல்வி, தொழில்திறன், மொழியறிவு ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுக் குடியேறுவோரைத் தெரிவு செய்யும் முறையைக் கொணர்ந்தது.

குடியேற்ற வாயில் திறந்தபின்னும் பல்கலைக்கழக வாயில் பெண்களுக்கு முழுதும் திறக்கவில்லை. வேலை அளிப்பதில் இனம், நிறம், பால், சமயம், தேசப் பிறப்பு ஆகியவை காரணமாக வேறுபாடு காட்டலாகாது என்று 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் விதித்தது. ஆனால் கல்வி நிறுவனங்கள் தம் கல்விப் பணியாளர் பொறுத்து அவ்விதியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன. அவ்விலக்கு 1972இல் நீக்கப்பட்டது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் வேற்றுமை கூடாதென்ற சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறிற்று. ஆகவே 1970களில் மாணவியராகவோ மாணவர்தம் மனைவியராகவோ அங்குச் சென்ற பெண்கள், சட்டம் புதிதாய்த் திறந்த வாயிலில் அடியெடுத்து வைத்த முதல் தலைமுறையினர். கருப்பின மக்களும் அமெரிக்கப் பெண்களும் பல்லாண்டுகள் போராடிப் பெற்ற உரிமையே பின்வந்த ஆசியப் பெண்களுக்கும் வழியாயிற்று. இவ்வரலாற்றுக் கடனை மறந்து, தம் மக்களின் உழைப்பை மட்டும் பாராட்டிக்கொள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. அது முழு உண்மையாகாது.

மூவர் வாழ்வு காட்டும் நெறிகள்

பொதுவாகக் கூறியவற்றை மூவர் வாழ்வு கொண்டு விளக்குவோம்.

முதலாமவர் இந்திரா சமரசேகர. 1952இல் கொழும்பில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இலங்கையில் இயந்திரப் பொறியியல் பயின்று, கலிபோர்னியாவில் முதுநிலைப் பட்டமும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1980இல் உலோகப் பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். உருக்கு இரும்பைத் தொடர்ச்சியாக வார்க்கும் முறையைக் கணித வழியில் ஆராய்ந்து அத்துறையில் புகழ் பெற்றார். பெண்கள் அரிதாகவே இருந்த துறை அது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கான துணைத்தலைவரானார். 2005 முதல் 2015 வரை, 1908இல் நிறுவப்பெற்ற ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பணியாற்றினார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே. ஆய்வில் ஐயத்திற்கிடமின்றி நிலைபெற்று, அதன்பின் நிருவாகத்திற்கு வந்தமை இவர் வழி.

இவர் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி சிந்திக்கத்தக்கது. இளநிலை வகுப்புகளில் ஆண் மாணவர் தொகை குறைந்து வருவது குறித்து 2009இல் இவர் கவலை தெரிவித்தார். அதனைக் கேலி செய்து வளாகத்தில் சுவரொட்டிகள் தோன்றின. தலைவராய் இருக்கும் பெண், பெண்கள் பொருட்டு மட்டுமே பேசவேண்டும் என ஒரு சாரார் எதிர்பார்ப்பர். அவ்வாறே பேசின், தன் இனத்துக்கு மட்டும் தலைவர் என மற்றொரு சாரார் குறைகூறுவர். இவ்விரட்டை எதிர்பார்ப்பு வெள்ளையராகிய ஆண் தலைவரை எதிர்கொள்வது அரிது.

இரண்டாமவர் ரேணு கட்டோர். 1955இல் உத்தரப் பிரதேசத்தின் பரூக்காபாத்தில் பிறந்தவர். பெற்றோர் முடித்துவைத்த திருமணத்தின் வழியாகப் பதினெட்டாம் வயதில் அமெரிக்கா சென்றார். கணவர் அப்போது பர்டியூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர். ஆங்கிலம் பேசும் பயிற்சி இன்றிச் சென்றதாகவும், தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்தே பேச்சைப் பழகியதாகவும் அவரே பொது மேடைகளில் கூறியுள்ளார். பர்டியூவில் முதுநிலைப் பட்டமும் 1985இல் முனைவர் பட்டமும் பெற்றார். தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து, படிப்படியாக டீன், புரோவோஸ்ட் என உயர்ந்தார். 2008 சனவரியில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராகவும், அதன் கிளைப் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்கிய அமைப்பின் வேந்தராகவும் பொறுப்பேற்றார். அனைத்துத் துறைகளும் கொண்ட அமெரிக்க ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் இந்தியக் குடியேறியவர் அவர். 2011இல் அப்பல்கலைக்கழகம் ஆராய்ச்சியில் முதல் நிலைப் பல்கலைக்கழகங்களின் வரிசையில் வைக்கப்பட்டது.

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு முன் ஒரு பெண் தலைவர் இருந்தார். அவர் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்கவேண்டியவர். 1990இல் அதன் தலைவரான மார்கரீட் ராஸ் பார்னெட் அமெரிக்காவிலேயே பிறந்த கருப்பினப் பெண்மணி. எனவே புலம்பெயர்ந்தோர் வரிசையில் வாரார். ஆயினும் அவர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் தமிழ்நாடு. அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கு வந்து தங்கித் திராவிட இயக்கத்தை ஆராய்ந்து, தென்னிந்தியாவில் பண்பாட்டுத் தேசியத்தின் அரசியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. சாதி, மொழி, அரசியல் அதிகாரம் ஆகியவற்றின் பிணைப்பைத் தமிழ் மண்ணில் கற்ற ஒருவர், தம் நாட்டின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்றுக்குத் தலைவராக விளங்கினார். 1992இல் தம் 49ஆம் வயதில் மறைந்தார். ஹூஸ்டனில் பார்னெட்டுக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்தே கட்டோர் வந்தார். முதலில் ஒருவர் ஏறிவிட்டார் என்பதால் அடுத்தவர் உடனே ஏறிவிடுவதில்லை.

மூன்றாமவர் நீலி பெண்டபூடி. விசாகப்பட்டினத்தில் பிறந்து ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1986இல் அமெரிக்கா சென்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சந்தையியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே வணிகவியல் புல முதன்மையராகவும் புரோவோஸ்டாகவும் விளங்கினார். 2018இல் லூயிவில் பல்கலைக்கழகத் தலைவரானார். அடுத்த சில வாரங்களிலேயே ஒரு சோதனை வந்தது. பல்கலைக்கழக விளையாட்டரங்கிற்கு ஒரு பீட்சா நிறுவனத்தின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் தொலைபேசிக் கூட்டமொன்றில் கருப்பினத்தாரை இழிக்கும் சொல்லை ஆண்டார் என்னும் செய்தி சூலையில் வெளிவந்தது. விளையாட்டரங்கிலிருந்து அப்பெயரை நீக்குவதாகப் பெண்டபூடி உடனே அறிவித்தார். 2022 மே மாதம், 1855இல் தொடங்கப்பெற்ற பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அதன் வரலாற்றில் அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் வெள்ளையரல்லாத முதல் தலைவரும் அவரே.

மூவரிடத்தும் ஒரு பொதுமை உண்டு. மூவரும் புகுந்த நாட்டிலேயே முனைவர் பட்டம் பெற்று, ஆசிரியப் பணியில் நிலைபெற்று, ஒவ்வொரு படியாக ஏறியவர்கள். எவரும் இடைப்படியைத் தாண்டிக் குதித்தவரல்லர். ஆகவே அப்படிகளின் இயல்பை ஆராய்வது தகும்.

ஏணியின் படிகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்பவர் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தகுதிகாண் நிலையில் இருப்பர். ஆய்வு, கற்பித்தல், பொதுப்பணி ஆகியன மதிப்பிடப்பட்டபின் ‘டென்யூர்’ எனப்படும் நிரந்தரப் பணியுறுதி கிடைக்கும், இல்லையேல் வெளியேறவேண்டும். குழந்தைப்பேற்றுக்குரிய ஆண்டுகளும் இவ்வாண்டுகளும் பலருக்கு ஒன்றாகவே அமைகின்றன. தாயும் மாமியாரும் அருகிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் குடியேறிய பெண்ணுக்குக் குறைவு. நுழைவிசைவும் குடியுரிமையும் உறுதியாகாத நிலையில் இருப்பவர், மேலதிகாரியுடன் மாறுபட்டுப் பேசவும் தயங்குவர். வேலை போனால் நாட்டை விட்டே செல்லநேரும் அன்றோ?

நிரந்தரம் பெற்றபின் துறைத்தலைவர், டீன், புரோவோஸ்ட் என்னும் படிகள் வருகின்றன. இவற்றுக்குத் தெரிவு செய்வோர், ‘இவர் நம்மோடு ஒத்துப்போவாரா’ என்பதைத் தகுதியோடு சேர்த்தே பார்க்கின்றனர். விருந்துகளில் உரையாடுதல், நன்கொடையாளரோடு பழகுதல், விளையாட்டுப் போட்டிகளைப் பற்றிப் பேசுதல் ஆகியவையெல்லாம் எழுதப்படாத தகுதிகள். அம்மண்ணில் பிறந்தவர்க்குத் தாமாக அமையும் இவை, புலம்பெயர்ந்தவர்க்குக் கற்றுத் தேறவேண்டிய மற்றொரு பாடம்.

உச்சிப் படியின் நிலையை அமெரிக்கக் கல்விக் கழகம் 1986 முதல் நடத்திவரும் ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அவ்வாண்டில் கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்களுள் பெண்கள் 9.5 விழுக்காடு. 2016இல் அது 30 விழுக்காடாயிற்று. 2022இல் 33 விழுக்காட்டை நெருங்கிற்று. வெள்ளையரல்லாத மகளிர் 2016இல் 5 விழுக்காடே. 2022இல் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். இக்கணக்கில் அமெரிக்காவிலேயே பிறந்தோரும் அடங்குவர். புலம்பெயர்ந்தோரை மட்டும் பிரித்தெடுப்பின் தொகை இன்னும் சுருங்கும். மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு தலைவர் அதுவரை பதவியில் இருந்த காலத்தின் சராசரி 2006இல் 8.5 ஆண்டு, 2022இல் 5.9 ஆண்டு. பெண்களும் வெள்ளையரல்லாதாரும் இருக்கையை அடையத் தொடங்கிய காலத்திலேயே அவ்விருக்கையின் உறுதியும் குறைந்து வந்துள்ளது.

கேட்கும் செவியும் பேசும் நாவும்

புலம்பெயர்ந்த பெண் நிருவாகிகள் எதிர்கொள்ளும் இடர்களுள் மொழியொலிப்புப் பற்றியது முதன்மையானது. ‘அவர் பேசுவது விளங்கவில்லை’ என்னும் குறை, மொழித் திறனைப் பற்றிய நடுநிலைத் தீர்ப்புப் போலத் தோன்றும். அது எத்துணை நடுநிலையானது என்பதை டொனால்டு ரூபின் என்னும் அறிஞர் 1992இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் நான்கு நிமிட உரையை ஒலிப்பதிவு செய்து, 62 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினர். ஒரு சாரார்க்கு உரையாற்றுபவர் எனச் சொல்லி வெள்ளையர் ஒருவரின் படமும், மற்றொரு சாரார்க்கு ஆசியப் பெண் ஒருவரின் படமும் காட்டப்பட்டன. குரல் ஒன்றே, சொற்களும் அவையே. ஆயினும் ஆசியப் படத்தைக் கண்டோர், பேச்சில் அயல் ஒலிப்பு இருப்பதாக உணர்ந்தனர். உரையைப் புரிந்துகொண்டமை பற்றிய தேர்விலும் குறைந்த மதிப்பெண் பெற்றனர். கண் கண்டதைச் செவி கேட்டது எனலாம்.

நாவில் இல்லாத குறையைச் செவி தானே படைத்துக்கொள்ளுமாயின், நாவை மட்டும் திருத்தி என்ன பயன்? ஆண்டுக்கணக்கில் ஒலிப்புப் பயிற்சி பெற்ற பெண்ணும் கூட்டத்தில் எழுந்து பேசும்போது ‘மீண்டும் சொல்லுங்கள்’ என்னும் சொல்லைக் கேட்க நேர்கிறது. ஒரு நிருவாகிக்கு இது சிறு துன்பமன்று. நிதிக்குழுவில் அவர் கூறிய கருத்தை, சற்று நேரங்கழித்து மற்றொருவர் கூறும்போது அவை ஏற்குமானால், அக்கருத்து மற்றவர் பெயரிலேயே குறிப்பேட்டில் பதியும். நிருவாகத்தில் கருத்துக்கு உரிமையாளர் யார் என்பது பதவி உயர்வோடு தொடர்புடையது.

ஏட்டில் ஏறாத பணி

இரண்டாவது இடர் மிகுதியான பணி. ஒரு துறையில் வெள்ளையரல்லாத பெண் ஒருவரே இருப்பாராயின், பன்முகத்தன்மை வேண்டும் என்று அமைக்கப்படும் ஒவ்வொரு குழுவிலும் அவரே உறுப்பினராவார். அயல்நாட்டு மாணவியர் தம் துன்பங்களைக் கூற அவரையே நாடுவர். விளம்பரப் படங்களிலும் அவர் முகமே இடம்பெறும். அமாதோ படியா என்னும் உளவியல் அறிஞர் 1994இல் இதனைப் ‘பண்பாட்டு வரி’ எனப் பெயரிட்டார். வரி என்றது பொருத்தமே. இப்பணி எல்லார்க்கும் பயன்படுகிறது, கொடுப்பவர் சிலர், கொடுத்தமைக்குரிய பற்றுச்சீட்டோ பதவி உயர்வின்போது செல்லுபடியாவதில்லை.

உச்சிப் பதவிகளை நோக்கும் நம் கண், இடைநிலை அலுவலகங்களை மறந்துவிடுகிறது. அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அங்குத் தாமும் ஒருகாலத்தில் மாணவியராய் வந்தவர்கள் அலுவலராய் இருப்பதுண்டு. ஒவ்வோர் அயல்நாட்டு மாணவரின் பதிவையும் அரசின் கணினித் தொகுப்பில் காப்பது 2003 முதல் கட்டாயமாயிற்று. 2025 வசந்த காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவரின் பதிவுகளை அரசு திடீரென நீக்கியபோது, பல பல்கலைக்கழகங்களுக்கு முன்னறிவிப்பே வரவில்லை. அலுவலர்கள் தாமே பட்டியலைத் தேடிப் பார்த்து மாணவர்க்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. நீதிமன்ற வழக்குகளுக்குப் பின் ஏப்பிரல் இறுதியில் அப்பதிவுகள் மீட்கப்பட்டன. அந்நாட்களில் ஒரு மாணவருக்கு யார் பல்கலைக்கழகம்? தலைவரல்லர், தொலைபேசியை எடுத்து, ‘அஞ்சவேண்டா, இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று கூறும் அலுவலரே. நுழைவிசைவின் அச்சத்தை அறிந்த ஒருவர் அவ்விருக்கையில் இருப்பதன் பயன் அப்போதுதான் விளங்கும்.

இருக்கையும் அதிகாரமும்

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்செல் ரயன், அலெக்சாந்தர் ஹஸ்லம் ஆகியோர் 2005இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். பெரிய வணிக நிறுவனங்களை ஆராய்ந்த அவர்கள், நிறுவனம் சரிவில் இருக்கும்போதே பெண்கள் உயர்பதவிக்கு அழைக்கப்படும் போக்கைக் கண்டு, அதனைக் ‘கண்ணாடிச் செங்குத்து’ என உருவகித்தனர். மேலே ஏறவிடாத தடையைக் ‘கண்ணாடிக் கூரை’ என்பர். ஏறியவர் விழுவதற்கு ஏற்ற விளிம்பு இது. வணிக நிறுவனங்களைப் பற்றிய இக்கருத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அப்படியே பொருத்துதல் முறையன்று. எனினும் கேள்வி எழுப்ப இது உதவும்.

மினூஷ் ஷஃபீக் 1962இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியபோது சொத்திழந்த குடும்பத்தோடு சிறுவயதில் அமெரிக்கா சென்றார். உலக வங்கி, பன்னாட்டு நிதியம், இங்கிலாந்து வங்கி ஆகியவற்றில் உயர்பதவிகள் வகித்து, இலண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநராயிருந்து, 2023 சூலையில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் தலைவரானார். அவ்வாண்டு அக்டோபரில் காசாப் போர் தொடங்கியது. 2024 ஏப்பிரலில் வளாகத்தில் கூடாரமிட்டுப் போராடிய மாணவர்களை அகற்றக் காவல்துறையை அழைத்தார். காவலரை அழைத்தமைக்காக மாணவரும் ஆசிரியரும் அவரைக் கண்டித்தனர். போதிய கண்டிப்புக் காட்டவில்லை என அரசியலாரும் நன்கொடையாளரும் குறைகூறினர். 2024 ஆகஸ்டில் பதவி விலகினார். அவர் முடிவுகள் சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குடியேறிய பெண் என்பதால் ஒருவர் செய்தவை ஆய்வுக்கு அப்பாற்பட்டன ஆகா.

இதே அளவுகோலைப் பெண்டபூடிக்கும் கொள்ளுதல் வேண்டும். பென்சில்வேனியாவில் தொடங்குவதாக முன்னர் அறிவிக்கப்பட்டிருந்த இனநீதி ஆய்வு மையத்தை நிறுவுவதில்லை என 2022இல் அவர் அறிவித்தபோது பலர் ஏமாற்றமுற்றனர். ஏழு கிளை வளாகங்களை 2027 வசந்தப் பருவத்திற்குப் பின் மூடும் அவர் பரிந்துரையை 2025 மே மாதம் ஆட்சிக்குழு ஏற்றது. மாணவர் தொகையின் குறைவும் நிதி நெருக்கடியும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. வெள்ளையரல்லாத பெண் தலைமைக்கு வந்தால் எல்லா நீதியும் தாமே மலரும் என்பது மிகை நம்பிக்கை. தலைவரின் கையை ஆட்சிக்குழுவும், மாநில அரசின் மானியமும், சட்டமன்றமும் பிணித்துள்ளன. டெக்சாஸ் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம், பன்முகத்தன்மைக்கான அலுவலகங்களை அரசுப் பல்கலைக்கழகங்கள் நடத்துவதை 2024 சனவரி முதல் தடைசெய்தது. கட்டோர் தலைமையிலிருந்த ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் அச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டதே.

ஆகவே, இருக்கையில் அமர்ந்தவர் யார் என்பதோடு நின்றுவிடாமல் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். நிதியும் நியமனமும் உண்மையில் அவர் கையில் உள்ளனவா? அவருக்குக் கீழுள்ள படிகளில், அவரைப் போன்றவர்கள் ஏறிவர வழி உண்டாயிற்றா? தவறு நேர்ந்தவிடத்து, மற்றவர்க்குக் கிடைக்கும் அதே காலமும் பொறுமையும் அவருக்குக் கிடைக்கின்றனவா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்குமாயின் அதிகாரம் கிடைத்தது எனலாம். இல்லையேல் கிடைத்தது இருக்கை மட்டுமே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. புலம்பெயர்ந்த மகளிர் உயர்வுக்குத் திறமையோடு சட்டமும், முன்னோர் போராட்டமும், குடும்பத்தின் துணையும் காரணங்களாயின. அவர்தம் பேச்சில் காணப்படும் குறையிற் பெரும்பகுதி கேட்போர் செவியில் உள்ளது. அவர்கள் ஆற்றும் பணியிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறுவதில்லை. உயர்பதவி தரும் புகழைவிட அதன் எல்லைகளே ஆய்வுக்குரியன.

அயல்நாடு சென்று பயில விழையும் மாணவியர், பட்டம் பெறுவதோடு பல்கலைக்கழகம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் கற்றுவருவராக. வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கே குழுவில் வாதிடும் வலிமை உண்டு. பெற்றோரும் பெரியோரும் கட்டோர் வாழ்வில் ஒரு செய்தியைக் கருதவேண்டும். திருமணம் அவர் கல்விக்கு முற்றுப்புள்ளியாகவில்லை. கணவர் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே மனைவியும் பயின்றார். அயல்நாட்டு மாப்பிள்ளையைத் தேடும் குடும்பங்கள், ‘எங்கள் பெண் அங்கே என்ன படிப்பாள்?’ என்று முதலில் கேட்கத் தொடங்குமாயின், பல பெண்களின் வாழ்வு வேறுவகையில் அமையும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. ரூபின் ஆய்வில் படத்தைப் பார்த்துக் குரலை மதிப்பிட்டவர்கள் தீயவரல்லர். வகுப்பில் அமர்ந்திருந்த சாதாரண மாணவரே. நம் கூட்டங்களிலும் நேர்காணல்களிலும் எவர் பேச்சை நாம் கேட்கிறோம், எவர் முகத்தைக் கேட்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் தகும்.